எறும்பின் உருவில் ஒரு சிலந்தி

சென்னைக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அதன் நீரைப் பற்றியே பேசுகிறார்கள். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்னும் கணக்குகள், 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து வெள்ளத்திற்குப் பின்னர் நகரவாசிகள் பலருக்கும் மனப்பாடமாகிவிட்டன. ஏரியைக் கடந்து சென்றால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் தொடர்கின்றன; 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து அவை வளர்ந்து கொண்டேயிருக்கின்றன. நீருக்கும் ஆலைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில், கிராமத்து வீடுகளின் கொல்லைகளிலும், கோயில் குளக்கரைகளிலும், இன்னும் மனையாகப் பிரிக்கப்படாத தோப்புகளிலும் நிற்கின்ற மாமரங்களும் பூவரசுகளும் புங்க மரங்களும் ஒரு தனி உலகத்தைத் தாங்கி நிற்கின்றன என்பதையும், அவ்வுலகத்துப் பிரஜைகளுள் ஒன்று நெல்மணியளவே உள்ள ஒரு சிலந்தி என்பதையும், அச்சிலந்தி தன்னைச் சிலந்தியென்று பிறர் அறியாதபடி ஆயுள் முழுவதும் எறும்பாகவே நடமாடுகிறது என்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே.

அதன் வரலாற்றை அதனிடமிருந்து தொடங்க இயலாது. முசுற்றிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மாங்காய் பறிக்க மரம் ஏறிய எவருக்கும் முசுற்றை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. செம்மஞ்சள் நிறமும், நீண்ட கால்களும், எந்நேரமும் தூக்கிய தலையுமாக இலைக்கு இலை காவல் திரியும் அந்த எறும்புகள், பச்சை இலைகளை வரிசையாக நின்று இழுத்துச் சேர்த்து, தம்முடைய புழுக்களையே தறியின் நாடாவைப்போல் வாயிற் கவ்விக்கொண்டு, அப்புழுக்கள் சுரக்கும் பட்டிழையால் இலை விளிம்புகளைத் தைத்துக் கூடு சமைக்கின்றன. ஒரே குடியைச் சேர்ந்த கூடுகள் ஒரு மரத்தில் மாத்திரமன்றிக் கிளை தொட்டுக் கிளை தொட்டுப் பல மரங்களிலும் பரவியிருக்கும். கூட்டைத் தொட்டவனை அவை தாடையால் கவ்விக் கடிப்பதோடு நில்லாமல், கடித்த காயத்திலே வயிற்றை வளைத்து ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும். 1775-ஆம் ஆண்டிலேயே ஃபாப்ரிசியஸ் என்னும் டேனிஷ் அறிஞர் இந்த எறும்புக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். அதற்கு வெகு காலம் முன்னரே தென்சீனத்து விவசாயிகள் இதன் கூடுகளை விலை கொடுத்து வாங்கித் தங்கள் ஆரஞ்சுத் தோட்டங்களில் பூச்சிக் காவலுக்கு வைத்திருந்தார்கள். இத்தகைய உக்கிரமும் ஒற்றுமையும் உடைய ஒரு ஜாதியை எதிர்த்துச் செல்லப் பறவையும் ஓணானும் குளவியும் தயங்குவது இயல்பே. அந்தத் தயக்கம்தான் நம் சிலந்தியின் ஜீவனோபாயம்.

மழைக்காலம் முடிந்து மாமரம் பூக்கத் தொடங்கும் நாட்களில், ஏரிக்கரைக் கிராமமொன்றில், வெயில் இன்னும் உறைக்காத காலைப் பொழுதில், ஒரு தாழ்ந்த கிளையின் முன் அசையாமல் நின்று பார்த்தால், முசுறுகள் ஒன்றையொன்று தொட்டும் முகர்ந்தும் ஒரே தடத்தில் போய் வருவது தெரியும். அத்தடத்திலிருந்து சற்றே விலகி, பக்கத்து இலையின் மேற்புறத்தில், தனியாக ஒரு முசுறு உலவிக் கொண்டிருக்கும். நிறம் அதேதான், இடை அதேதான், முன்னே இரண்டு உணர்கொம்புகள் துடித்துக் கொண்டிருக்கின்றன. ஆயினும் தடத்தை விட்டு வழி தவறி வந்த ஒரு நிஜ முசுறு அந்த இலையின்மீது ஏறியவுடன், தனியே நிற்பது உறவினனைக் கண்ட பாவனையில் எதிர்கொண்டு முகராமல், சட்டென்று ஒதுங்கி இலையின் மறுபக்கத்துக்கு ஓடுகிறது. அப்பொழுது எண்ணிப் பார்த்தால் கால்கள் எட்டு. உணர்கொம்பு என்று கருதியவை உயர்த்திப் பிடித்த முன்னங்கால்கள். உருப்பெருக்குக் கண்ணாடியை அருகே கொண்டு செல்வோமானால், அந்தப் பிராணி முகத்தைத் திருப்பி, முன்புறமுள்ள இரண்டு பெரிய கரிய கண்களால் நம்மையே நிமிர்ந்து பார்க்கிறது. எறும்பு எதுவும் மனிதனை அவ்வாறு பார்ப்பதில்லை.

அந்தப் பார்வையே அதன் குலத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. வலை பின்னாமல் பாய்ந்து இரை பிடிக்கும் தாவுசிலந்திகளின் குடும்பம், உலகத்துச் சிலந்திக் குடும்பங்கள் அனைத்திலும் பெரியது; இதுவரை பெயர் பெற்ற இனங்கள் ஆறாயிரத்துக்கும் அதிகம். அவற்றின் முன்கண்கள் இரண்டும் நீண்ட குழல் வடிவினவாய், உள்ளே விழித்திரை அசையத் தக்கனவாய், அவ்வளவு சிறிய சரீரத்துக்கு நம்ப முடியாத கூர்மை உடையனவாய் அமைந்துள்ளன. அக்குடும்பத்துள் எறும்பின் வேஷம் பூண்ட பெரிய இனக்கூட்டம் மிர்மராக்னே என்னும் பேரினம். சுமார் இருநூறு இனங்களைக் கொண்ட அதன் பெரும்பகுதி வெப்ப மண்டலத்து ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கிறது. முசுற்றின் உருவெடுத்த நம் சிலந்தியும் நெடுங்காலம் அப்பேரினத்தில்தான் இருந்தது. 2016-இல் போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் புரோஷின்ஸ்கி அக்கூட்டத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தபொழுது, இதனை மிர்மாபிளாட்டா என்ற பேரினத்தில் வைத்தார். பிளாட்டலியாய்டீஸ் என்னும் இனப்பெயர் மட்டும் மாறவில்லை. அது 1869-இல் இலங்கைச் சிலந்திகளை ஆராய்ந்த ஆங்கிலப் பாதிரியார் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் இட்டது.

இதன் உடலமைப்பை நோக்குந்தோறும் வியப்பு மிகுகிறது. எறும்புக்குத் தலை, மார்பு, வயிறு என்று உடல் மூன்று பாகம். சிலந்திக்கோ தலையும் மார்பும் ஒன்றாகி இரண்டே பாகம். அந்த ஒரே பாகத்தின் நடுவே ஒரு ஆழ்ந்த சுருக்கத்தை உண்டாக்கி, தலையென்றும் மார்பென்றும் இரண்டாகத் தோன்றச் செய்திருக்கிறது இந்தச் சிலந்தி. மார்பையும் வயிற்றையும் இணைக்கும் காம்பு மற்றச் சிலந்திகளில் மேலிருந்து பார்த்தால் தெரியாத அளவு குறுகியிருக்க, இதில் எறும்பின் இடையைப்போல நீண்டு மெலிந்திருக்கிறது. தலையின் இரு பக்கங்களிலும் கரிய திட்டுக்கள் அமைந்து, முசுற்றின் கூட்டுக்கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கண்களாகத் தோன்றுகின்றன. பெண் சிலந்தி ஆறேழு மில்லிமீட்டர் நீளம். ஆண் அதைவிட நீளமானது, அதற்குரிய காரணத்தைப் பின்னர் காண்போம்.

நம் நாட்டில் இந்தச் சிலந்திகளின் ஆராய்ச்சி நீண்ட பரம்பரை உடையது. மிர்மராக்னே என்ற பேரினத்தை 1839-இல் மக்லே நிறுவியபொழுது அவர் கையிலிருந்த மாதிரி வங்காளத்தைச் சேர்ந்தது. முசுற்றுச் சிலந்தியின் வாழ்க்கையை முட்டை முதல் முதிர்ச்சி வரை கூர்ந்து நோக்கி, 1934-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் எழுதியவர் ஏ. பி. மாத்யூ, அதே பொருளுக்கு அவர் 1954-இல் மீண்டும் திரும்பி வந்தார். 1973-இல் பி. கே. டிக்காதர் இந்திய எறும்புச் சிலந்திகளுள் புதிய சிலவற்றுக்குப் பெயரிட்டார். இலங்கை இனங்களைச் சுரேஷ் பெஞ்சமின் 2015-இல் ஒழுங்குபடுத்தினார். இவர்களுள் மாத்யூவின் முறையே எனக்கு மிகவும் உவப்பானது. செத்த மாதிரியைச் சாராயக் குப்பியில் வைத்து அளப்பதோடு நிறைவடையாமல், உயிருள்ள பிராணியின் முன்னே பொறுமையோடு அமர்ந்திருந்து பெற்ற அறிவு அது. எறும்புச் சிலந்தியின் சாமர்த்தியம் முழுவதும் அதன் நடத்தையில் இருப்பதால், குப்பிக்குள் அதில் பாதிக்கு மேல் காணாமற் போய்விடுகிறது.

இந்த வேஷம் யாருக்காக? முசுறுகளை ஏமாற்றி அவற்றின் கூட்டில் புகுந்து உண்பதற்காக என்று நினைக்கத் தோன்றும். அது சரியன்று. முசுறுகள் உறவையும் பகையையும் முகர்ந்தே அறிபவை. இந்தச் சிலந்தியின் வர்ணமும் வடிவமும் அவற்றுக்கு ஒரு பொருட்டேயல்ல. அகப்பட்டால் இதையும் இரையாகவே கொள்ளும். ஆகையால்தான் இது அவற்றின் அருகிலேயே வாழ்ந்து, அவற்றின் தீண்டலை மட்டும் ஆயுள் முழுவதும் தவிர்த்துக் கொண்டே இருக்கிறது. வேஷம் கண்ணுள்ள பகைவர்களுக்காக ஏற்பட்டது. 1848 முதல் பதினோராண்டுகள் அமேசான் காடுகளில் அலைந்த ஹென்றி பேட்ஸ், தீங்கற்ற பிராணிகள் தீங்குடையவற்றின் தோற்றத்தை ஏற்று உயிர் பிழைக்கும் தத்துவத்தைப் பட்டாம்பூச்சிகளைக் கொண்டு 1862-இல் விளக்கினார்; அத்தத்துவத்துக்கு எறும்புச் சிலந்தியைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிமேனா நெல்சனும் ராபர்ட் ஜாக்சனும் இதனைச் சோதனையால் நிறுவினார்கள். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்து, எறும்பென்னும் ஜந்துவை அதுவரை கண்டேயிராத தாவுசிலந்திகளின் முன்னும் கும்பிடுபூச்சிகளின் முன்னும் எறும்பையும் எறும்புச் சிலந்தியையும் வைத்தபொழுது, அவை இரண்டையும் ஒருங்கே அஞ்சி விலகின. எறும்பைப் பற்றிய அச்சம் அனுபவத்தால் மட்டும் வருவதன்று, பிறவியிலேயே அமைந்திருக்கக் கூடியது என்பது 2006-இல் வெளியான அந்த ஆராய்ச்சிகளின் முடிவு.

முசுறுகளையே ஏமாற்றும் சிலந்திகளும் உண்டென்பதால், வேறுபாடு விளங்க அவற்றையும் குறிப்பிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் காஸ்மோபாசிஸ் என்னும் தாவுசிலந்தி, முசுற்றின் வாசனைக்குரிய இரசாயனங்களைத் தன் மேனியில் ஏற்றிக்கொண்டு கூட்டினுள்ளேயே சென்று புழுக்களைக் கவர்ந்து உண்கிறது. நம் மரங்களில் வாழும் அமிசியேயா என்னும் நண்டுச் சிலந்தியின் வேஷமோ தலைகீழானது: அதன் பின்புறத்திலுள்ள இரு கரும்புள்ளிகள் எறும்பின் கண்களாகவும், வயிற்றுப் பாகமே எறும்பின் தலையாகவும் தோன்றுகின்றன. தவித்துக் கால் உதைக்கும் எறும்பைப்போல் நடித்து, என்னவென்று விசாரிக்க வந்த முசுற்றைப் பிடரியில் கடித்து, நூலொன்றில் தொங்கியபடி அது உண்ணும். மாத்யூ 1954-இல் எழுதியது இவ்விரண்டு வேஷதாரிகளையும் ஒருசேர வைத்துத்தான். ஒன்று முசுற்றின் பகைவன். மற்றொன்று அதன் கீர்த்தியின் நிழலில் ஒதுங்கியிருக்கும் அண்டை வீட்டான்.

உருவம் மட்டும் போதாது, நடையும் வேண்டும். தாவுசிலந்திகளின் இயற்கையான போக்கு, நிற்பதும் பார்ப்பதும் திடீரென்று துள்ளுவதுமாகும். எறும்போ ஓயாமல், வளைந்து வளைந்து, எதையோ தேடும் கதியில் ஓடுகிறது. முன்னங்கால்களைக் கொம்பாக உயர்த்திக்கொண்டு மீதி ஆறு கால்களால் எறும்பைப்போலவே இச்சிலந்தி நடக்கிறதென்பது நெடுநாள் நம்பிக்கை. அமெரிக்காவில் பால் ஷாம்பிள் முதலானோர் மிர்மராக்னே பேரினத்தின் ஒரு இனத்தை வெகுவேகமாகப் படம் பிடிக்கும் காமிராவால் ஆராய்ந்து, 2017-இல் அந்நம்பிக்கையைத் திருத்தினார்கள். நடக்கும்பொழுது சிலந்தி எட்டுக் கால்களையுமே பயன்படுத்துகிறது. ஒரு நொடியில் பத்திலொரு பங்கு அளவே நிற்கும் சின்னஞ்சிறு நிறுத்தங்களில் முன்னங்கால்களைத் தூக்கி அசைத்துவிட்டு மீண்டும் நடக்கிறது. அந்நிறுத்தங்கள் மிகக் குறுகியவையாதலால், பார்க்கும் பகைவனுடைய கண்ணில் கொம்பசைத்தவண்ணம் நடக்கும் எறும்பாகவே அது பதிகிறது. அது செல்லும் பாதையும் எறும்பின் தடத்தைப்போலவே இடமும் வலமும் வளைந்து செல்வதாக அதே ஆராய்ச்சி காட்டியது.

இனி ஆணின் விஷயம். பெண்ணும் இளஞ்சிலந்திகளும் கச்சிதமான முசுறுகள். ஆணோ கடைசித் தோலுரிப்பு வரையில் அப்படியே இருந்துவிட்டு, அத்தோலை உரித்து வெளிவரும்பொழுது முகத்துக்கு முன்னே இரண்டு நீண்ட பருத்த தாடைகளை நீட்டிக்கொண்டு வருகிறது. ஆண்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் பொருதும் ஆயுதங்கள் அவை. பெண்ணை அடையும் போட்டியினால் வளர்ந்தவை. இவ்வளவு பெரிய உறுப்பு எறும்பு வேஷத்தைக் குலைத்துவிடாதா என்ற கேள்விக்கு விடை அழகானது: தாடைகளின் நுனி தடித்திருப்பதனால், ஆண் சிலந்தி வாயில் இன்னொரு சிறிய எறும்பைக் கவ்விச் செல்லும் பெரிய எறும்பைப்போல் காட்சியளிக்கிறது. கூட்டாளியைத் தூக்கிச் செல்வது எறும்புகளுக்கு வழக்கமாதலின் அக்காட்சியில் விபரீதம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குரிய விலையை ஆண் கொடுத்தே தீர வேண்டியிருக்கிறது. எறும்புகளையே விரும்பி உண்ணும் சில தாவுசிலந்திகள், வாயில் சுமை உள்ள எறும்பு கடிக்க இயலாதென்பதனாலோ என்னவோ, அத்தகைய எறும்பையே முதலில் தேர்ந்தெடுத்துத் தாக்குகின்றன; நெல்சனும் ஜாக்சனும் சோதித்தபொழுது அவை ஆண் எறும்புச் சிலந்திகளையும் அவ்வாறே விரும்பித் தாக்கின. எறும்பை அஞ்சும் பகைவனிடமிருந்து தப்பிய ஆண், எறும்பை விரும்பும் பகைவனிடம் சிக்குகிறது.

விலை அதோடு தீரவில்லை. 1994-இல் சைமன் பொல்லார்டு வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, முசுற்றுச் சிலந்தியின் ஆணுடைய நீண்ட நச்சுப்பற்களில் நஞ்சு செல்லும் குழாய் இல்லை. பெண் தன் இரையைக் கடித்து நஞ்சேற்றிக் கொல்ல, ஆண் தன் பற்களில் இரையைக் குத்திக் கோத்துக் கொண்டுதான் உண்ண வேண்டும். பெண்ணும் விலை கொடாமல் இல்லை. எறும்பின் மெலிந்த வடிவத்துக்குள் அடங்கிய வயிற்றில் தாராளமாக முட்டைகளைச் சுமக்க இடம் ஏது? 2020-இல் ஹஷிமோட்டோ முதலிய ஜப்பானிய அறிஞர்கள் எறும்புச் சிலந்திகளின் பாய்ச்சலை மற்றத் தாவுசிலந்திகளின் பாய்ச்சலோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவை குறைந்த தூரமே பாய்கின்றன என்றும், இரையைப் பிடிப்பதிலும் பின்தங்குகின்றன என்றும் கண்டனர். தாவும் குலத்திற் பிறந்து, தாவும் ஆற்றலைப் பெரிதும் துறந்து, அதற்கு ஈடாக அபயம் பெற்றிருக்கிறது இந்தச் சிலந்தி. வேஷத்தைப் பற்றி எழுதுவோர் அதன் வஞ்சகத்தையே பெரிதாகச் சொல்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதன் தியாகமே பெரிது. வேண்டும்போது அணிந்து வேண்டாதபோது களையும் ஆடையன்று அது. எலும்பில்லாத அந்தச் சிறு உடலின் இடுப்பும், காலும், பல்லும், கருப்பையும் அதற்காகவே மாறியிருக்கின்றன.

உறவினர்களிலும் வியப்புக்குக் குறைவில்லை. ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் மெலனோடார்சா என்னும் இனம், தான் போலி செய்யும் எறும்புகளைப்போலவே கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. ஒரு எறும்பைக் கண்டு ஒதுங்குகிறவன் எறும்புக் கூட்டத்தைக் கண்டு ஓடியே போவான் அல்லவா? சீனத்து டாக்சியஸ் மாக்னஸ் என்னும் எறும்புச் சிலந்தியைப் பற்றி 2018-இல் வெளியான செய்தியோ சிலந்திகளைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றத் தக்கது. அதன் தாய் குஞ்சுகளுக்குப் பால் ஊட்டுகிறது. முதல் வாரத்தில் பால் துளிகளைக் கூட்டின் சுவரில் விட்டு வைக்கிறது. பின்னர் குஞ்சுகள் தாயின் வயிற்றடியில் உள்ள பிளவிலிருந்து நேரே பருகுகின்றன. பசும்பாலைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு புரதம் உடைய அந்தப் பாலை, தாமே இரை தேடக் கற்ற பின்னரும், சுமார் நாற்பது நாள் வரையில் அவை அருந்துகின்றன. இச்சிலந்தி நம் முசுற்றுச் சிலந்திக்கு நெருங்கிய உறவு.

மீண்டும் செம்பரம்பாக்கத்துக்கு வருவோம். முசுறு இல்லாத இடத்தில் முசுற்று வேஷத்தால் ஒரு பயனும் இல்லை. வேஷதாரியின் பாதுகாப்பு முழுவதும், அசலைக் கண்டு அஞ்சியவர்களின் நினைவிலோ பிறவிக் குணத்திலோ இருக்கிறது; அசல் அருகிப் போனால், செம்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இலைமேல் உலவும் மெலிந்த சிலந்தி, பாயவும் வலுவின்றி ஒளியவும் தெரியாமல், முதலில் அகப்படும் இரையாகவே ஆகிவிடும். முசுறோ மரங்களின் தொடர்ச்சியை நம்பி வாழ்வது. ஒரு குடி செழிக்க, கிளைகள் ஒன்றையொன்று தொடும் பல மரங்கள் வேண்டும், ஆண்டு முழுவதும் தளிர் இலை வேண்டும், பூச்சிமருந்து தெளியாத கிளைகள் வேண்டும். தொழிற்சாலை வளாகங்களில் வேலியோரம் வரிசையாக, ஒன்றையொன்று தொடாத இடைவெளியில் நட்டு, காய்ந்த கொம்புகளைப்போல் வெட்டி நிறுத்தப்படும் அலங்கார மரங்கள் நிழலுக்கு உதவலாம். ஒரு முசுற்றுக் குடிக்கு உதவா. கொல்லை மாமரத்தை வெட்டி அவ்விடத்தில் தொழிலாளர் தங்கும் அறைகள் கட்டுகிற வீட்டுக்காரரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. வாடகை அவர் பிழைப்பு. ஆனால் மரம் நட இடமும் ஆளும் பணமும் உள்ள பெரிய வளாகங்கள் உள்நாட்டு மரங்களைக் கிளை தொடும்படி நெருக்கமாக நட்டு, முசுறு ஏறியவுடன் மருந்தடிக்க ஆள் அனுப்பாமல் இருந்தால், இந்த அத்தியாயத்தில் சொல்லப்பட்டவை அனைத்தும் அந்த மதிலுக்குள்ளேயே நடக்கும். எறும்பு கடிக்குமே என்று அஞ்சுவோர் அம்மரங்களை நடைபாதையிலிருந்து சற்றுத் தள்ளி நட்டால் போதும்.

நேரில் காண விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு. முசுற்றுக் கூடு உள்ள மரத்தைத் தேர்ந்தெடுத்து, கூட்டை விட்டு, அதற்கு ஒன்றிரண்டு முழம் தள்ளியுள்ள இலைகளை நோக்குங்கள். தடத்தில் சேராமல் தனித்து உலவும் முசுறு எதுவாயினும் சந்தேகத்துக்கு உரியது. இலைப்பரப்பில் மெல்லிய வெண்பட்டுத் திரை ஒன்று ஒட்டியிருந்தால், அதனடியில் பெண் சிலந்தி தங்கியிருக்கக் கூடும். அதைக் கிழிக்க வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால், ஒரு துரும்பால் இலையை மெதுவாகத் தட்டுங்கள். நிஜ முசுறு தாடையைத் திறந்து வயிற்றைத் தூக்கிக் கொண்டு துரும்பின்மேல் ஏறி வரும். சிலந்தியானால் இலை விளிம்பிலிருந்து குதித்து, பட்டுநூல் ஒன்றில் தொங்கும். சற்றுப் பொறுத்திருந்தால் அதே நூலைப் பற்றி மேலேறி வந்து, மறுபடியும் முன்னங்கால்களைத் தூக்கிக் கொள்ளும்.